வானத்தை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம்

மோட்டார்ஹோமிலும் கேரவனிலும் ஆஸ்திரேலியாவைச் சுற்றிவரக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



பள்ளி விடுமுறையில் கிரேட் ஓஷன் ரோடு வரை போய்வந்த நம்மவர்கள் பலர், இப்போது நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு நாட்டையே ஒரு சுற்று சுற்றிவரத் தயாராகிறார்கள். பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. இந்தத் துணிவைக் கொடுத்ததில் செயற்கைக்கோள் இணையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. "ஸ்டார்லிங்க் வாங்கிட்டோம், இனி எங்கே போனாலும் கவலையில்லை" என்று கோயிலிலும் பிறந்தநாள் விருந்துகளிலும் பேசிக்கொள்வதை அடிக்கடி கேட்கிறேன். வாங்கியது நல்லது. கவலையில்லை என்பதில்தான் எனக்குக் கவலை. அதனால்தான் இந்த மடல்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. ஸ்டார்லிங்க் டிஷ்ஷை வாங்குங்கள், அதன் முழுப் பயனையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது கையில் இல்லை என்று வைத்துக்கொண்டே பயணத்தைத் திட்டமிடுங்கள்.

சிட்னியிலும் மெல்பனிலும் வாழ்கிற நமக்கு இந்த நாட்டின் அகலம் கைபேசித் திரையில் தெரிவதில்லை. தன் கைபேசிச் சேவை மக்கள்தொகையில் 99.7 சதவீதத்தினரைச் சென்றடைகிறது என்று டெல்ஸ்ட்ரா சொல்கிறது. ஆனால் மக்கள் கடற்கரையோரம் நெருங்கி வாழ்கிறார்கள். நிலம் உள்ளே விரிந்து கிடக்கிறது. ஏறக்குறைய 77 லட்சம் சதுர கிலோமீட்டரில் பாதிக்கும் மேல் எந்த டவரும் எட்டாத நிலம். தெற்கு ஆஸ்திரேலியாவின் சிடூனாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மன் வரை ஏர் நெடுஞ்சாலையில் நல்லார்போர் சமவெளியைக் கடக்க ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். அதில் கைகூனாவுக்கும் பல்லடோனியாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டருக்குச் சாலையில் ஒரு வளைவுகூட இல்லை. ரோட்ஹவுஸ் ஒன்றை விட்டால் அடுத்தது வரும்வரை பெரும்பாலும் சிக்னல் இல்லை. அந்தச் சாலையிலேயே சில இடங்களில் குறுக்குக் கோடுகள் வரைந்து, பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் இறங்குவதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடுகளைக் கடக்கும்போது பிள்ளைகளுக்கு அதன் காரணத்தைச் சொல்லுங்கள். அந்தச் சேவையின் வரலாறு நாம் பேசும் விஷயத்தோடு நேரடியாகச் சேர்ந்தது.

20 டாலர் நோட்டில் இருக்கும் ஜான் ஃபிளின் ஒரு பாதிரியார். உள்நாட்டில் மருத்துவர் இல்லாமல் இறந்தவர்களின் நிலை அவரை உறுத்தியது. 1928 மே மாதம் குவீன்ஸ்லாந்தின் குளோன்கரியிலிருந்து பறக்கும் மருத்துவர் சேவையைத் தொடங்கினார். விமானம் தயார், மருத்துவர் தயார். ஆனால் பண்ணை வீட்டில் ஒருவர் துடிக்கிறார் என்று யார் வந்து சொல்வது? அந்தக் குறையைத் தீர்த்தவர் அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் டிரேகர். மிதிவண்டிப் பெடலை மிதித்து மின்சாரம் எடுத்து, அதில் இயங்கும் ரேடியோவை உருவாக்கினார். ஓர் ஆள் சிரமமில்லாமல் மிதித்தால் 20 வாட் கிடைக்கும். அது போதுமானதாக இருந்தது. 1929 முதல் அந்தப் பெட்டிகள் பண்ணைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அதே ரேடியோ வலையில்தான் 1951-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வானொலிப் பள்ளி தொடங்கியது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த பிள்ளைகள் ஆசிரியையின் குரலைக் கேட்டுப் படித்தார்கள்.

இன்று உங்கள் வண்டியில் வைக்கும் ஸ்டார்லிங்க் மினி டிஷ் எடுத்துக்கொள்வது சராசரியாக 25 முதல் 40 வாட். அன்று பெடலை மிதித்துப் பெற்றதைவிடக் கூடுதல்தான், ஆனால் அதன் இரு மடங்கைத் தாண்டாது. அந்தச் சிறு மின்சாரத்தில் வீடியோவில் மருத்துவரைப் பார்க்கலாம், பாடம் படிக்கலாம், அலுவலகக் கூட்டத்தில் உட்காரலாம். இதன் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை.

முன்பு பயன்பட்ட செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில், ஒரே இடத்தில் நிற்பதுபோலச் சுற்றுபவை. பண்ணைகளுக்காக 2015-லும் 2016-லும் ஏவப்பட்ட ஸ்கை மஸ்டர் இரண்டும் அந்த வகை. ஒரு கேள்வி மேலே போய்க் கீழே இறங்கி, அதற்கான பதில் அதே வழியில் திரும்பிவர அரை நொடிக்கும் மேல் ஆகிவிடும். போனில் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்திக்கொள்ளும் தொல்லை அதனால் வந்ததுதான். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே ஓடுகின்றன. தாமதம் நொடியில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஆனால் அவை நிற்பதில்லை. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலான பொழுதில் பூமியைச் சுற்றிவிடுகின்றன. ஆகவே உங்கள் டிஷ் சில நொடிகளுக்கு ஒருமுறை ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு வானத்தில் ஒரு மூலை மட்டும் தெரிந்தால் போதாது, அகலமாகத் திறந்த வானம் வேண்டும்.

இது புரியாததால்தான் பலர் டிஷ்ஷைக் குறை சொல்கிறார்கள். எச்சுகா பக்கம் மர்ரி ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தினால் ரெட் கம் மரங்கள் குடைபிடித்து நிற்கும். நிழல் சுகமாக இருக்கும். ஸ்டார்லிங்க் ஆப்பைத் திறந்தால் "இணைந்துவிட்டது" என்றே காட்டும். மகள் இணைய வகுப்பில் உட்காருவாள். ஆசிரியை கேள்வி கேட்கும்போது படம் உறையும்; பதில் சொல்லி முடித்த பிறகு உறைந்தது கலையும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கதை. கிளைகளின் பின்னால் செயற்கைக்கோள் போகும்போதெல்லாம் இணைப்பு அறுந்து, அடுத்தது கிடைத்ததும் ஒட்டிக்கொள்கிறது. ஆப்பில் தடைகளைக் காட்டும் வரைபடம் இருக்கிறது. மரம் மறைக்கும் பகுதி சிவப்பாகத் தெரியும். அதைப் பார்த்து டிஷ்ஷை வெட்டவெளிக்கு நகர்த்துங்கள். உடன் வரும் 15 மீட்டர் கேபிள் அதற்குத்தான். வண்டி நிழலில் நிற்கட்டும், டிஷ் வெயிலில் கிடக்கட்டும். ரெட் கம் மரத்தின் நேர் கீழே வண்டியை நிறுத்தக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. காற்றே இல்லாத நாளில்கூட அந்த மரம் கனத்த கிளையை உதிர்த்துவிடும்.

கூரையில் நிரந்தரமாகப் பொருத்த நினைப்பவர்கள் முதலில் கூரை எதனால் ஆனது என்று பாருங்கள். பல மோட்டார்ஹோம்களின் கூரை ஃபைபர்கிளாஸ் அல்லது அலுமினியம். காந்தம் வைத்த தாங்கி அதில் ஒட்டாது. இன்னொன்று வெப்பம். டிஷ் 50 டிகிரி வரை தாங்கும் என்பது காற்றின் வெப்பத்துக்குச் சொன்ன கணக்கு. ஜனவரி மதியத்தில் கூரைத் தகட்டோடு ஒட்டிக் கிடக்கும் டிஷ் அதைத் தாண்டிச் சூடேறித் தானே அணைந்துகொள்ளலாம்.

அடுத்தது மின்சாரம். மோட்டார்ஹோம் வாழ்க்கையில் எல்லாக் கணக்கும் கடைசியில் பேட்டரியில்தான் வந்து நிற்கும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் ஏறக்குறைய 1,200 வாட்-மணி இருக்கும். பெரிய ஸ்டாண்டர்ட் டிஷ் 75 முதல் 100 வாட் எடுக்கும். இரவும் பகலும் ஓடவிட்டால் ஒரு நாளுக்கு 1,800 வாட்-மணிக்குக் குறையாது. பேட்டரி முழுவதையும் தின்றுவிட்டு இன்னும் கேட்கும். இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் அதன் இழப்பு தனி. மினி டிஷ் என்றால் 30 வாட் கணக்கில் 720 வாட்-மணி. அதுவே பேட்டரியில் பாதிக்கு மேல். மீதியில் ஃபிரிட்ஜ், விளக்கு, தண்ணீர் பம்ப் எல்லாம் ஓட வேண்டும். இரண்டு நாள் மழை மேகம் கவிந்தால் சோலார் பேனல் கைவிட்டுவிடும். வேலை முடிந்ததும் டிஷ்ஷை அணைக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க அது ஓடவேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

மினி டிஷ்ஷை நேரடியாக 12 வோல்ட்டில் ஓட்டலாம் என்பது உண்மை. ஆனால் அதற்குக் குறைந்தது 12 வோல்ட் அதன் வாயில் போய்ச் சேர வேண்டும். மெல்லிய, நீளமான ஒயரில் வழியிலேயே வோல்ட்டேஜ் இறங்கிவிடும். அப்போது டிஷ் உயிர் பெறும், செயற்கைக்கோளைத் தேடும், சிக்னல் அனுப்பத் தொடங்கும் கணத்தில் மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படும், வோல்ட்டேஜ் சரியும், அணைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. பலர் இதை டிஷ்ஷின் பழுது என்று எண்ணித் திருப்பி அனுப்புகிறார்கள். தடித்த ஒயரோ, வோல்ட்டேஜைக் கூட்டித் தரும் ஒரு சிறு கன்வெர்ட்டரோ போட்டால் தீர்ந்துவிடும் சிக்கல் இது. உங்கள் வீட்டு வாசலிலேயே ஒரு வார இறுதி முழுக்க வண்டிப் பேட்டரியில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நகரத்தில் தெரியும் குறையை நகரத்திலேயே சரிசெய்துகொள்ளலாம்.

வேலை பார்த்துக்கொண்டே போகிறவர்களுக்கு ஒரு சொல். மேற்கே போகப் போக நேரம் மாறும். பெர்த் சிட்னிக்கு இரண்டு மணி நேரம் பின்னால். கோடை நேரத்தில் மூன்று. நடுவில் யூக்லா வட்டாரத்தில் யாரும் எதிர்பாராத முக்கால் மணிக் கணக்கில் ஊர் நேரம் ஒன்று புழங்குகிறது. கைபேசியின் கடிகாரத்தை நம்பிக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். வார இறுதியில் கூட்டம் நிறைந்த கேரவன் பார்க்குகளில் பயணிகளுக்கான ஸ்டார்லிங்க் ரோம் (Roam) திட்டத்தின் வேகம் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். முக்கியமான கோப்புகளையும் பிள்ளைகளின் பாடங்களையும் வரைபடங்களையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடமும், தாளில் அச்சிட்ட வரைபடமும் வண்டியில் இருக்கட்டும்.

இனி, இந்த மடலை எழுதவைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

2025 ஜூலை 24 அன்று ஸ்டார்லிங்க் உலகம் முழுவதும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் நின்றுபோனது. நமக்கு அது மறுநாள் விடியற்காலை. வானத்தில் எதுவும் உடையவில்லை. அந்த நிறுவனத்தின் உள்ளே இயங்கும் மென்பொருள் சேவைகள் முடங்கியதால் டிஷ்கள் எல்லாம் ஊமையாகிவிட்டன. அந்த இரண்டரை மணி நேரத்தில் ஓர் அவசரம் வந்திருந்தால், டிஷ்ஷை மட்டும் நம்பியிருந்த ஒருவர் என்ன செய்திருப்பார்? மென்பொருள் வரை போக வேண்டாம். வண்டி கவிழ்ந்தால் கூரையில் இருக்கும் டிஷ்தான் முதலில் நொறுங்கும். பேட்டரி தீர்ந்தால் டிஷ் ஒரு பலகை. பாம்பு கடித்தவர் நடைபாதையில் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தால், வண்டியில் ஓடும் வைஃபையால் அவருக்கு என்ன பயன்?

ஆகவே பி.எல்.பி. என்று இங்கே எல்லோரும் சொல்லும் அவசரப் பீக்கன் ஒன்றை வாங்குங்கள். உள்ளங்கையில் அடங்கும் கருவி. 406 மெகாஹெர்ட்ஸ் அலையில் காஸ்பாஸ்-சர்சாட் எனும் பன்னாட்டு மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்களுக்கு நேரடியாகக் குரல் கொடுக்கும். மாதச் சந்தா கிடையாது, வைஃபை வேண்டாம், கைபேசி வேண்டாம். ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையமான ஆம்சாவிடம் இலவசமாகப் பதிவு செய்யலாம். கட்டாயம் பதிவு செய்யுங்கள். எந்த வழியில் போகிறீர்கள் என்ற விவரத்தையும் அங்கே சேர்க்கலாம். ஜி.பி.எஸ். உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், தேடும் பரப்பு பெருமளவு சுருங்கும். அதன் பேட்டரிக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு, கருவியின் மேலேயே அச்சிட்டிருக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே அதை இயக்க வேண்டும். அதை வண்டியின் இழுப்பறையில் பூட்டி வைக்காதீர்கள்; நடக்கப் போகிறவரின் இடுப்பில் இருக்கட்டும்.

வண்டியில் யு.எச்.எஃப். ரேடியோவும் வேண்டும். நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் 40-ஆம் சேனலில் பேசுவார்கள், கேரவன்காரர்கள் 18-இல். 5-ஆம் சேனல் அவசரத்துக்கு மட்டும். முன்னால் போகும் ரோட் டிரெய்னை முந்தலாமா என்று கேட்கவும், சாலையில் மாடு நிற்கிறது என்று எச்சரிக்கவும் எந்த இணையமும் இதற்கு ஈடாகாது. கைபேசியில் வைஃபை அழைப்பை இயக்கி வையுங்கள். டிஷ் வேலை செய்யும் இடத்தில் 000-ஐ அதன் வழியாகவும் அழைக்கலாம். ஆனால் அப்படி அழைக்கும்போது நீங்கள் இருக்கும் இடம் அவர்களுக்குத் தானாகத் தெரியும் என்று எண்ணாதீர்கள். எமர்ஜென்சி பிளஸ் ஆப்பில் தெரியும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் படித்துச் சொல்லப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள். ஐபோன் 14-உம் அதற்குப் பின் வந்தவையும் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும். 2023 மே முதல் இந்த நாட்டிலும் அந்த வசதி உண்டு. இவை அனைத்தும் இருந்தாலும் தண்ணீர் நிறைய இருக்க வேண்டும். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடந்து போகவே கூடாது. மேலிருந்து தேடுபவர்களுக்கு ஆளைவிட வண்டிதான் சீக்கிரம் கண்ணில் படும்.

இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. அது நம் குடும்பங்களுக்கே உரியது. யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ இருக்கும் அம்மா தினமும் மாலையில் வீடியோ அழைப்புக்காகக் காத்திருப்பார். டிஷ் வாங்கிய செய்தியையும் நாமே பெருமையாகச் சொல்லியிருப்போம். ஒரு நாள் அழைப்பு வராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அக்காவுக்குப் போன், மாமாவுக்குப் போன், கடைசியில் இங்கே இருக்கும் எல்லோருக்கும் போன். அதற்கு அஞ்சியே நம்மவர்களில் சிலர், இருட்டும் நேரத்தில் கங்காரு குறுக்கே பாயும் சாலையில், சிக்னல் கிடைக்கும் இடத்தைத் தேடி வண்டியை விரட்டுகிறார்கள். கிளம்புமுன் அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். "ரெண்டு நாள் பேசலேன்னா நாங்க நல்லா இருக்கோம்னு அர்த்தம். ஏதாவதுன்னா இங்கேயிருந்து உங்களுக்குச் சொல்லிடுவாங்க" என்று சொல்லி வையுங்கள். பிறகு ஆஸ்திரேலியாவிலேயே பொறுப்பான ஒருவரிடம் உங்கள் வழியையும், தங்கும் இடங்களையும், வண்டி எண்ணையும், எத்தனை மணி நேரம் தகவல் இல்லாவிட்டால் காவல்துறையை அழைக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். வீட்டார் பதற்றத்தைத் தணிக்கவும், தேட வேண்டிய நேரத்தில் தேடல் தொடங்கவும் இந்த ஒரு தாள் போதும்.

அக்கம்பக்கத்தாரையும் நினைத்துக்கொள்ளுங்கள். இலவச முகாம்களில் டிஷ்ஷுக்காக இரவில் ஜெனரேட்டரை ஓட்டுவது பக்கத்து வண்டியில் உறங்கும் முதியவரின் தூக்கத்தைப் பறிப்பதாகும். வெட்டவெளிக்கு இழுத்த கேபிளில் யாரும் இடறி விழாதபடி ஓர் அடையாளம் வையுங்கள். டயர் வெடித்து நிற்பவரோ, மருத்துவமனைக்குச் செய்தி அனுப்ப வேண்டியவரோ உங்கள் அருகில் இருந்தால், கேட்கும்வரை காத்திராமல் வைஃபை கடவுச்சொல்லைக் கொடுங்கள். உலுரு போன்ற இடங்களில் சில பகுதிகளைப் படமெடுக்க வேண்டாம் என்று அனங்கு மக்கள் பலகை வைத்திருக்கிறார்கள். இணையம் கையில் இருக்கிறது என்பதற்காக அங்கிருந்து நேரலை போடாதீர்கள்.

வானத்துக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் பகுதியில், அண்டத்தின் முதல் விண்மீன்கள் ஒளிரத் தொடங்கிய காலத்திலிருந்து வரும் மெல்லிய ரேடியோ அலைகளைக் கேட்கும் தொலைநோக்கி எழுந்துகொண்டிருக்கிறது. அதற்காக அங்கே ரேடியோ அமைதி மண்டலம் ஒன்றை அறிவித்திருக்கிறார்கள். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களிலிருந்து திட்டமிடாத ரேடியோ அலைகள் கசிவதை ஐரோப்பாவின் லோஃபார் தொலைநோக்கி பதிவு செய்தது. 2023-இலும் 2024-இலும் ஆய்வுகள் அதைக் காட்டின. அந்த வழியாகப் போகிறவர்கள் அங்கே உள்ள அறிவிப்புகளைப் படித்து, அவை கேட்டுக்கொள்வதை மதித்து நடங்கள். நமக்கு இவ்வளவு தரும் ஒரு கருவியால் வேறொருவரின் தேடலுக்கு இடைஞ்சல் வருகிறது என்பதை அறிந்து பயன்படுத்துவது நம் கடமை.

கிளம்பும் தேதி நெருங்கும்போது ஃபிரிட்ஜில் என்ன வைப்பது, புளிக்காய்ச்சல் எவ்வளவு, எந்த ஊரில் மளிகை கிடைக்கும் என்றெல்லாம் பட்டியல் போடுவோம். அந்தப் பட்டியலின் தலையில் நான்கு வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிவு செய்த பீக்கன். யு.எச்.எஃப். ரேடியோ. ஆளுக்குப் பல நாள் போதுமான தண்ணீர். பயண வழியை எழுதிக் கொடுத்த ஒரு மனிதர். இந்த நான்கும் முடிந்த பிறகு டிஷ்ஷை வண்டியில் ஏற்றுங்கள்.

போய் வாருங்கள். பத்திரமாகத் திரும்பி வாருங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே இந்தச் சாலைகளை நேசிக்கும் ஒருவர்,
மெல்பன்